நாற்பத்தேழாவது தாள்

மார்ச் 4

தம்பிக்கு,

துக்கத்தில் இருந்த ஒரு கிழவியிடம் கொழுந்தன் நைசாகக் கையெழுத்து வாங்கிவிட்டான் என்று நம் நிரல்மொழிக் குழுவில் பேசிக்கொள்கிறார்களாம். தராசு பழுதுபார்க்கும் நம் தராசுக்காரர் போன வாரம் வந்து, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. எனக்கு எழுபத்திரண்டு வயது. கிழவிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் கையெழுத்திட்டது துக்கத்தில் அல்ல. செப்டம்பர் கடைசி வாரத்தில், உங்கள் அண்ணன் நலமாக இருந்தபோது. இரண்டாவது, என்னிடம் யாரும் நைசாக எதையும் வாங்கிவிட முடியாது. முப்பத்தோரு வருடம் லிப்ட் கம்பெனியில் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு நிரல் எழுதியவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இருந்திருந்தால் யாராவது ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கியிருப்பார். ஒருவரும் தொங்கவில்லை.

ஐந்து மாதமாக நீங்கள் எழுதவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டீர்கள், நான் எடுக்கவில்லை. போனில் சொன்னதைப் பிறகு எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

நம் மொழியில் எண்ணை வைக்கும் பெட்டி சிறியது. இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் அதில் கொள்ளாது. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். எந்த வரியில் நின்றது என்றும் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு இவ்வளவு அருகில் பேசும் மற்ற மொழிகளில் எண் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்கு உருண்டுவிடும். உருளக்கூடாது என்பதற்காகத்தான் நான் இந்த மொழியையே தொடங்கினேன். அதனால்தான் குழுவினர் அதற்குக் ‘கறார்’ என்று பெயர் வைத்தார்கள். என்னைப் பார்த்து வைத்த பெயர் என்பது எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் குஞ்சுக்காரர், குஞ்சு பொரிக்கும் பெட்டிகளின் கடிகாரத்துக்கு எண் உருண்டே ஆக வேண்டும் என்று மூன்று வருடம் நச்சரித்தார். கடைசியில் நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள்: குறி போட்ட இடத்தில் மட்டும் உருளட்டும், குறி இல்லாத இடத்தில் பழையபடி நிற்கட்டும். நியாயமாக இருந்தது. நீங்களே எழுதி எடுத்துவந்தீர்கள். நம் விதிப்படி ஒவ்வொரு மாற்றமும் தாளில் வர வேண்டும். செய்யப்போவது என்ன என்று இடப்பக்கம் சாதாரண வாக்கியங்களில், வலப்பக்கம் நிரல். ஒருவர் நிரலை ஓர் எழுத்து விடாமல் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் இடப்பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிறகு இருவரும் தாளின் அடியில் கையெழுத்திட வேண்டும். இதுவரை நாற்பத்தேழு மாற்றங்கள். நாற்பத்தேழையும் உங்கள் அண்ணன் வாசித்தார்; நான் கேட்டேன்.

நான் கேட்ட தாள் சரியாக இருந்தது. மருத்துவமனையில் நீங்கள் மருந்து பம்பில் ஏற்றியது தலைகீழாக, குறி இல்லாத இடத்தில் உருளும்படி இருந்தது. ஆகவே நடுவில் மாறியிருக்கிறது. நடுவில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கவனக்குறைவு என்கிறேன். ஒரு பெண் இறந்துபோயிருக்கும்போது இந்தச் சொல் போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணி

மார்ச் 15

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியிருப்பதுதான் சரி. நடுவில் இருந்தவன் நான்தான். மருத்துவமனை விசாரணையிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: கையெழுத்தான பிறகு என் பொறுப்பில் மாற்றினேன் என்று. மூன்று டாக்டர்கள், ஒரு வக்கீல். வக்கீல் கேட்டார்: “ஏன் சார், ஒரு நம்பர் எப்படி சார் உருளும்? நம்பருக்கு என்ன, சக்கரமா வெச்சிருக்கு?” பழைய வண்டிகளில் கிலோமீட்டர் காட்டும் சக்கரத்தைச் சொல்லி விளக்கினேன். அதற்கு உண்மையிலேயே சக்கரம் உண்டே என்று தோன்றி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததையும் எழுதிக்கொண்டார்கள்.

பம்புகளைக் கழற்றிவிட்டார்கள். பதினொன்று. கழித்துப்போட்ட சாமான்களின் கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, துடைத்து, புதுப் பலகை வைத்து, உங்கள் மொழியில் எழுதி ஓடவைத்தேன். இப்போது அதே கொட்டகையில் சிவப்பு நாடா ஒட்டிக் கிடக்கின்றன.

வார்டில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன், ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை. நன்றாக முடிந்திருந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர், முப்பத்தாறு வயது. கணவர் பஸ் டிரைவர். வலி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் பம்ப். வைத்த எண்ணிக்கை ஆனதும் நிற்க வேண்டும். வழக்கமாக நூற்றெண்பது தள்ளல். அன்று வந்திருந்த மருந்து நீர்த்தது என்று முந்நூறு வைத்தார்கள். தள்ளல்களை எண்ணுவதற்கு நான் வைத்திருந்தது சின்னப் பெட்டி. இருநூற்று ஐம்பத்தைந்து ஆனதும் பூஜ்யம். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. முந்நூறு என்ற எண்ணை அது ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. மருந்துக்குழாய் காலியாகும்வரை தள்ளியது. பிற்பகல் மூன்று மணி, பார்வையாளர் நேரம். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “நல்லாத் தூங்குறா சிஸ்டர், எழுப்பாதீங்க” என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

சின்னப் பெட்டி வைத்தது என் தப்பு. நூற்றெண்பதைத் தாண்டாது என்று நினைத்தேன். தாண்டினாலும் மொழி நிறுத்திவிடும் என்று நினைத்தேன். அதற்காகத்தானே உங்கள் மொழியில் எழுதினேன்.

இதைச் சொல்லிக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

நான் கல்யாணமாகி வந்தபோது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து எந்தத் தப்பையும் நீங்கள் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. பந்தடித்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, காற்று உடைத்தது என்றீர்கள். காற்று பந்தை உள்ளே விட்டுவிட்டுப் போகுமா என்று கேட்டேன்; அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தீர்கள். இந்தத் தடவை ஒரே வரியில் ஒப்புக்கொள்கிறீர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை.

எந்த வரியை மாற்றினீர்கள்? எந்தத் தேதியில்? எதற்காக? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சுக்காரர் குழுவுக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றை இன்று மறுபடி படித்தேன். “குறி போட்ட இடத்தில் எண் உருளாமல் மெஷின் நின்றுவிடுகிறது. நான்தான் எதையாவது தப்பாகச் செய்திருப்பேன். நேரம் இருந்தால் யாராவது பாருங்கள்.” தேதி அக்டோபர் 19. அந்தப் பெண் இறந்தது 17. இரண்டு நாள்.

இரண்டு நாளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. குறி போட்ட இடத்தில் நிற்கிறது என்றால் அவரிடம் இருப்பதும் தலைகீழ்தான். அவருக்கு நிரல் போனது உங்களிடமிருந்து அல்ல. கையெழுத்தான தாளைப் பார்த்து நான் தட்டச்சு செய்து குழுவுக்கு அனுப்பியது அது. நீங்கள் மாற்றியிருந்தால் உங்கள் பம்பில்தான் மாறியிருக்க வேண்டும். அவருடைய குஞ்சுகளுக்கு எப்படி மாறும்?

தராசுக்காரர் நேற்று மறுபடி வந்தார். இதைக் கேட்டேன். காதில் வாங்காமல் சொன்னார்: “அம்மா, பேசாம விட்ருங்க. அவர்தான் ஒத்துக்கிட்டாரே. நீங்க எதுக்கு இன்னும் நோண்டிக்கிட்டு?”

“நோண்டுவதுதான் என் தொழில்” என்றேன்.

“தொழில்லாம் சரிம்மா. நூத்தி நாப்பது பேர் இருந்தோம். இப்ப முப்பத்து சொச்சம். பேரை மாத்திட்டு வேற யாராவது பொறுப்பெடுத்தா மத்தவங்க திரும்பி வருவாங்கன்னு பேச்சு இருக்கு.”

“பேச்சு இருக்கிறதா, நீங்கள் பேசினீர்களா?”

அவர் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கினார். வாசல் கதவுக் கீலுக்கு எண்ணெய் போடவில்லை என்று கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் ஒருத்தியாகத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். முதல் வருடம் அந்த மொழிக்கு ஒரு பெருக்கல் கூடச் செய்யத் தெரியாது. பெருக்கலைத் தராசுக்காரர் எழுதிக் கொடுத்தார். முகம் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியை கையேட்டை மூன்று முறை திருத்தினார். மொழியை இயந்திரத்தின் எண்களாக மாற்றும் கம்பைலரில் பாதி உங்கள் கை. யாரும் ஒரு நன்றிக் கடிதம்கூட எதிர்பார்க்கவில்லை. தப்பு கண்டுபிடித்தால் சந்தோஷப்படுகிற நூற்று நாற்பது பேரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்போது தப்பு எங்கே என்று கேட்டால் எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள்.

மூன்று கேள்விகள். மறக்க வேண்டாம்.

அண்ணி

ஏப்ரல் 5

அண்ணிக்கு,

அண்ணன் சொல்வார்: “உங்கண்ணிகிட்ட ஒரு பொய்யைச் சொல்லிட்டு நிம்மதியா இருக்க முடியாதுடா. பக்கத்துல வந்து உக்காந்து, பொய் எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு கேப்பா.”

மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் எதையும் மாற்றவில்லை.

கோப்பு உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருந்தால் மார்ச் நான்காம் தேதிக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கமாட்டீர்கள். திறக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் விசாரணையில் அப்படி எழுதிக் கொடுத்தேன்.

நாற்பத்தேழாவது தாள். வலப்பக்கம் பதினாறாவது, பதினேழாவது வரிகள். ‘நில்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘உருள்’, ‘உருள்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நில்’. கவனிக்காமல் இடம் மாற்றி எழுதியது நான். மாற்றி எழுதிய தாளைத்தான் உங்கள் மேசையில் வைத்தேன். பிறகு தாளின் அடியில் தேதியைப் பாருங்கள். பிறகு வாசித்தவர் என்ற முதல் கட்டத்தைப் பாருங்கள்.

பார்த்துவிட்டுக் கிழித்துப்போடுங்கள். என்னிடம் இருந்த பிரதியைக் கிழித்துவிட்டேன். விசாரணையில் காணவில்லை என்று சொன்னேன்.

குத்துவதற்காக இதை எழுதவில்லை அண்ணி. எழுதாமல் இருக்கத்தான் இத்தனை மாதம் பார்த்தேன்.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

பார்த்தேன்.

தேதி அக்டோபர் 6. உங்கள் அண்ணன் இறந்தது அக்டோபர் 2. முதல் கட்டத்தில் அவருடைய சுருக்கொப்பம் இருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்த முதல் எழுத்து, கடைசியில் வால்போல் இழுத்த கோடு. அவர் போடுவதுபோலவே இருக்கிறது. போட்டது நான்.

செப்டம்பர் என்று நான் எழுதியது பொய் அல்ல, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. கூடத்தில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் திரும்பிப் போகவில்லை. யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் வந்து “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் பையிலிருந்து தாளை எடுத்து, “அவசரமில்லை அண்ணி, அப்புறம் பார்க்கலாம்” என்றீர்கள். கொடுங்கள் என்று கையை நீட்டியவள் நான். அந்த நான்கு நாளில் எனக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுவாகத்தான் இருந்தது.

இடப்பக்கத்தில் விரலை வைத்தேன். யாரும் வாசிக்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது, தம்பி. இதை நான் அலங்காரத்துக்காக எழுதவில்லை. அடைப்புக்குறி, பெட்டி மூன்று, அரைப்புள்ளி, அடுத்த வரி என்று அவர் குரலில் தெளிவாகக் கேட்டது. என் விரல் எந்த வரியில் இருந்ததோ அந்த வரிக்கு என்ன நிரல் இருக்க வேண்டுமோ, அதைக் கேட்டேன். வலப்பக்கத்தை யாருமே பார்க்கவில்லை.

அவரை ஏன் வாசிக்க வைத்தேன் என்று உங்களுக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? உங்களில் யாரையாவது வைத்திருக்கலாம். குழுவில் எத்தனையோ பேர் தொலைபேசியில் வாசிக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் நிரல் புரிந்தவர்கள் தாளில் இருப்பதை வாசிக்கமாட்டார்கள். இருக்க வேண்டியதை வாசிப்பார்கள். அவர் அச்சகத்தில் நாற்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவர். ஒரு சொல்கூடப் புரியாமல் ஒரு புள்ளிகூட விடாமல் வாசிப்பார். “இருநூறு வரி வாசிச்சாச்சு, இன்னும் கதாநாயகி வரலையே” என்பார். நான் சிரிக்கக்கூடாது, சிரித்தால் அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றே சிரிக்க வைப்பார்.

அவரை வைத்துத் தடுத்துவந்த தப்பை, அவர் போனதும் நானே செய்தேன். இருந்ததைக் கேட்கவில்லை. இருக்க வேண்டியதைக் கேட்டேன்.

அலமாரி என் மேசையிலிருந்து கைக்கெட்டும் தூரம். ஆறு மாதமாகத் திறக்கவில்லை. திறக்காமலேயே உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். கான்வென்டில் எங்கள் கணக்கு மதர் விடையைப் பார்க்கவே மாட்டார். செய்முறையைத்தான் பார்ப்பார். செய்முறை காட்டாமல் விடை மட்டும் எழுதினால், விடை சரியாக இருந்தாலும் பூஜ்யம். நான் எழுதிய விடையும் தவறு.

மன்னிப்புக் கேட்டு இதை முடிக்க முடியாது. தாளைக் கிழிக்கமாட்டேன். விசாரணைக்கும் குழுவுக்கும் அதன் நகலை அனுப்பப்போகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 30

அண்ணிக்கு,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

என் சான்றிதழை எடுத்துக்கொண்டார்கள். இனி எந்த மருத்துவமனையிலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட முடியாது. நீங்கள் எழுதினாலும் அது திரும்பி வராது. நீங்களும் விழுவதால் நான் எழுந்துவிடமாட்டேன்.

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்திருக்கிறேன். முதலாளிக்கு என்னைவிட இருபது வயது குறைவு. முதல் நாள் சொன்னார்: “ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே சார். இங்க பயப்படாம திருகுங்க. இதுல யாரும் சாகமாட்டாங்க.” தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். டிரைவர் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கமாக ஏறிக்கொள்கிறேன்.

செத்துப்போனவர் பெயரில் பெண்டாட்டியே கையெழுத்துப் போட்டாள் என்று நாலு பேர் பேச வேண்டுமா? நீங்கள் எழுதிய ஐம்பது வருட வேலையையும் மறந்துவிட்டு, “பாவம், புத்தி தடுமாறிப்போச்சு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதை நான் காதால் கேட்க வேண்டுமா? நான் கவனமில்லாதவன் என்பது அதைவிட லேசு. சின்ன வயதிலிருந்து வாங்கிப் பழகிய பட்டம். ஜன்னல் கண்ணாடியை உடைத்ததும் நான்தான், காற்று இல்லை. போதுமா?

அண்ணனிடம் அண்ணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அந்த ஒன்றையாவது செய்யவிடுங்கள்.

இனிமேல் எழுதாதீர்கள்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

எழுதாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டு நான் செய்யாத காரியங்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

விசாரணைக்கு அனுப்பினேன். இரண்டு வரிப் பதில் வந்தது. முடிந்த விசாரணை மீண்டும் திறக்கப்படமாட்டாதாம். என் வயதையும் துயரத்தையும் கருத்தில் கொள்கிறார்களாம். துயரத்தைக் கருத்தில் கொள்ளும்படி நான் கேட்கவில்லை. பதினாறாவது வரியைக் கருத்தில் கொள்ளும்படி கேட்டிருந்தேன்.

குழுவுக்கும் அனுப்பினேன். நீங்கள் சொன்னதுதான் நடந்தது. புத்தி தடுமாறிவிட்டது என்று யாரும் எழுதவில்லை, படித்தவர்கள். “அம்மா ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதினார்கள். ஒரே வாரத்தில் பதினொரு பேர் அதே வாக்கியத்தை எழுதினார்கள். மொழி இப்போது வேறு பெயரில் வேறு இடத்தில் நடக்கிறது. உரக்க வாசிக்கும் விதியை முதலில் எடுத்தார்கள், நேரம் வீணாகிறது என்று. எண் இனி எல்லா இடத்திலும் உருளும். வேகமாக ஓடுகிறதாம். குஞ்சுக்காரர் மட்டும் எனக்குத் தனியாக எழுதினார்: “17ஆம் தேதிக்கு முன்னால் நான் சொல்லியிருக்கலாம் அம்மா. எனக்கு 14ஆம் தேதியே நின்றது. என் தப்பு என்று நினைத்து ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டேன்.” அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அந்தக் கடிதத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். இதை உங்களிடம் மறைக்கவில்லை.

இரண்டாவது மாடி, நீளமான நடை, கடைசிக் கதவு. அவர் கணவர் வேலைக்குப் போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் ஒரு மடிப்பு இரண்டு மடிப்பாக விழுந்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“உக்காருங்கம்மா.”

தாளை மேசையில் விரித்தேன். இது என் கையெழுத்து, இது என் கணவருடையது, அதையும் போட்டது நான் என்றேன். பெட்டி, எண், நில், உருள் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலுக்குப் புரியாதது அவருக்கு உடனே புரிந்தது. முதல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“உங்க வீட்டுக்காரர் எப்ப தவறினாரு?”

“அக்டோபர் இரண்டு.”

“இவ பதினேழு.” பிறகு, “அப்ப அந்த டெக்னீஷியன், தான் மாத்தினேன்னு சொன்னது பொய்யா?”

“பொய். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்.”

“உங்களைக் காப்பாத்தறதுக்கு என்கிட்ட ஏம்மா பொய் சொல்லணும்? நான் எட்டு மாசமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்.”

அவர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்குறேன். டெப்போவுல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சீட்டு குடுப்பாங்க, பிரேக் பாத்தாச்சுன்னு. யாரு கையெழுத்துன்னு பாத்துட்டுத்தான் நான் வண்டியில ஏறுவேன். செத்துப்போனவர் கையெழுத்து இருந்தா ஏறமாட்டேன். யாரா இருந்தாலும் ஏறமாட்டாங்க. அந்த டெக்னீஷியன் இந்தக் கையெழுத்தைப் பாத்தாரா? மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி?”

“தெரியவில்லை.”

“நீங்க கேக்கலையா?”

“கேட்கவில்லை.”

“கேட்டுச் சொல்லுங்க” என்றார். மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அது ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அக்டோபர் 6ஆம் தேதி நீங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நான் இரண்டு கட்டத்தையும் நிரப்பியபோது உங்கள் கண் தாளில் இருந்ததா, வேறெங்காவது இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. உங்களுக்குரிய கார்பன் பிரதியை வாங்கி மடித்துப் பையில் வைத்தீர்கள். மூன்று நாள் கழித்து, 9ஆம் தேதி, பம்பில் ஏற்றினீர்கள். அதற்குள் முதல் கட்டத்தைப் பார்த்துவிட்டீர்களா? நான்கு நாள் முன்பு கணவனை இழந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று, தெரிந்தே பேசாமல் எடுத்துப் போனீர்களா? அல்லது அந்தப் பெண் இறந்த பிறகுதான் பார்த்தீர்களா?

பார்த்திருந்தால் இதை நாம் இருவரும் செய்தோம். பார்த்திருக்காவிட்டால் நான் மட்டும். எது எனக்கு ஆறுதல் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இல்லை. உங்களைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தத் தகுதி எனக்கு இல்லை. அந்த வீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பார்த்தேன், அல்லது பார்க்கவில்லை. ஒரு சொல் போதும். தொலைபேசி வேண்டாம். எழுத்தில் அனுப்புங்கள். அடியில் சரியான தேதியைப் போட்டு, உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள்.

அண்ணி